"அம்மா, நீங்களும் வாங்கோ"

2011ஆம் ஆண்டு அது. செட்டிகுளம் முகாமிலிருந்து கிளிநொச்சிக்குத் திரும்பி ஒரு வருடமாகியிருந்தது. முன்பள்ளி வளவில் ஓர் ஊஞ்சலும் சறுக்குப் பலகையும் வைத்திருந்தார்கள். பின்னேரங்களில் ஏழு வயது மகளை அங்கே கூட்டிச் செல்வேன். "அம்மா, நீங்களும் வாங்கோ" என்று கூப்பிடுவாள். நான் வேப்பமரத்தடியை விட்டு அசையமாட்டேன். கணவனை இழந்தவள் பிள்ளையோடு ஓடிப்பிடித்து விளையாடினால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். ஒருநாள் துணிந்து அவள் பக்கத்து ஊஞ்சலில் இருந்து ஆடினேன். "பிள்ளையைச் சாட்டித் தான் ஆடுறா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. மறுநாள் மீண்டும் மரத்தடிதான்.

சகோதரிகளே, உங்களில் பலருக்கும் இந்த மரத்தடி தெரிந்திருக்கும்.

இன்னொரு பயமும் இருந்தது. அப்போது பல காணிகளில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் நின்றன. பிள்ளையின் கையை விடாமலிருப்பதே அவளைக் காப்பாற்றும் வழி என்று பழகிவிட்டேன். அதனால் விளையாடப் போகாத நானே, அவள் விளையாட்டுக்குள் அடிக்கடி தலையிடவும் செய்தேன். "அங்கே போகாதே, அதில் ஏறாதே" என்று வாய் ஓயாது.

ஒரு பின்னேரம் மகள் மணலில் குழி தோண்டி, மேலே குச்சிகளைப் பரப்பி, பொம்மைகளை உள்ளே படுக்கவைத்தாள். "ஷெல் வருது, தலையைக் குனியுங்கோ" என்று அவளே கட்டளையிட்டாள். எனக்கு நெஞ்சு பதறியது. ஓடிப்போய்க் குழியை மூடிவிட்டுப் பந்தைக் கையில் கொடுத்தேன். அடுத்த நாள் எனக்குத் தெரியாமல் வீட்டுக்குப் பின்னால் தோண்டிக்கொண்டிருந்தாள்.

உளவளத்துணையாளராக இருந்த ஓர் அக்காவிடம் இதைச் சொல்லி அழுதேன். "மூடாதேங்கோ. பக்கத்தில இருங்கோ. கூப்பிட்டால் மட்டும் போங்கோ" என்றார். இரண்டாம் உலகப்போரின்போது லண்டனில் சிறுவர் இல்லங்களை நடத்திய அன்னா பிராய்டும், அங்கிருந்த பிள்ளைகள் குண்டுவீச்சையே விளையாட்டாக்கியதை எழுதியிருக்கிறார். வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் கையால் சொல்கிறார்கள். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவிலும் போர் கண்ட பிள்ளைகளுக்கு விளையாட்டும் கதையும் களிமண்ணும்தான் மருந்தாயின.

குழிக்குப் பக்கத்தில் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஒரு பொம்மையை என் கையில் தந்தாள். "இது அம்மா. ஷெல் முடிஞ்சுது, இவவை வெளியில எடுங்கோ" என்றாள். எடுத்தேன். அதற்குப் பிறகு ஊஞ்சலுக்குக் கூப்பிட்டபோது போகாமலிருக்க என்னால் முடியவில்லை. ஊர் சொன்னதைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

எப்போதும் கூடவே விளையாட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை பிள்ளைகளின் கிளித்தட்டில் சேர்ந்தேன். கோட்டில் கால் பட்டதா இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் என் முகத்தையே பார்த்தார்கள். விளையாட்டு வழக்காடு மன்றமாகிவிட்டது. நான் விலகியதும் தாங்களே சண்டைபிடித்து, தாங்களே தீர்த்துத் தொடர்ந்தார்கள். பிள்ளைகள் பலர் சேர்ந்திருக்கும் இடத்தில் பெரியவர் வேண்டாம் என்பது என் எண்ணம். தனியாக நிற்கும் பிள்ளை கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். விளையாடுவது பிள்ளையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கையும் அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. உரிமை அவர்களுடையது என்றால் அழைப்பும் அவர்களுடையதுதானே?

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சிறு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்காதீர்கள். பிள்ளையின் செருப்பு ஓரத்தில் பிடிபட்டால், நம்முடைய பாரம் கீழே இழுக்க, கால் முறுகி முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முறிந்துவிடும். தனியே சறுக்கினால் கால் பிடிபட்டாலும் பிள்ளை பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். அன்பினால் செய்யப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டாம்.

மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். தங்கையின் ஐந்து வயது மகனை அதே வளவுக்குக் கூட்டிப் போகிறேன். வேப்பமரத்தடியில் சீமெந்து இருக்கை கட்டியிருக்கிறார்கள். போன கிழமை அவன் ஏணியில் ஏறியபோது பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டேன். "பெரியம்மா, நீங்கள் அங்கேயே இருங்கோ" என்றான். இருந்தேன்.