ஆடாத கோல்கீப்பருக்கு என்ன வேலை? பெங்களூரு எஃப்.சி. பெஞ்ச் சொல்லும் கதை

ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு 'பெஞ்ச்' என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. ப்ராஜெக்ட் இருக்காது, சம்பளம் வரும், அடுத்த அழைப்பு எப்போது வரும்னு தெரியாது. முதல் வாரம் ஜாலியாக இருக்கும், மூன்றாவது வாரத்தில் லேசாக வயிற்றைக் கலக்கும்.

கால்பந்தில் ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் இந்த பெஞ்ச் வருடக்கணக்கில் நீளும். அதுதான் மாற்று கோல்கீப்பர்.

பெங்களூருவில் இருக்கிறீர்கள் என்றால் இதை நேரிலேயே பார்க்கலாம். அடுத்த முறை கண்டீரவா மைதானத்துக்கு மேட்ச் பார்க்கப் போகும்போது, ட்ராஃபிக்கைக் கணக்குப் போட்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே உள்ளே போய்விடுங்கள். மற்ற வீரர்கள் வருவதற்கு முன்பே சிலர் மட்டும் களத்துக்கு வருவார்கள். ஒருவர் கோல்கீப்பர் கோச். இன்னொருவர் அன்றைக்கு ஆடப்போகிற கீப்பர். அவருக்கு அளவாகப் பந்தை உதைத்து, கிராஸ் போட்டு, கையைச் சூடாக்கிவிடுகிற இன்னொருவரும் இருப்பார். கிக்-ஆஃப் ஆனதும் மேலே ஒரு பிப்பை மாட்டிக்கொண்டு பெஞ்ச்சில் போய் உட்காருபவர் அவர்தான். பெரும்பாலான நாட்களில் அவருடைய மேட்ச் அந்த வார்ம்-அப்போடு முடிந்துவிடும்.

ஒரே ஒரு நாற்காலி

மற்ற மாற்று வீரர்களுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

இப்போதைய விதிப்படி ஓர் ஆட்டத்தில் ஐந்து பேரை மாற்றலாம். ஸ்ட்ரைக்கரோ மிட்ஃபீல்டரோ பெஞ்ச்சில் இருந்தால், 60-வது நிமிடத்துக்குப் பிறகு கோச் திரும்பிப் பார்ப்பார் என்ற நம்பிக்கை இருக்கும். கால் களைத்தவரை எடுப்பார்கள், வேகமானவரை இறக்குவார்கள். இருபது நிமிடம் ஆடி ஒரு கோல் போட்டால் அடுத்த வாரம் பெயர் பட்டியலில் வரும். கீப்பர் அப்படிக் களைப்பதில்லை. அவரை மாற்றி யாரும் வியூகம் வகுப்பதும் இல்லை. அதனால் இரண்டாவது கீப்பருக்குக் கதவு திறக்கும் வழிகள் மிகக் குறைவு: முதல் கீப்பருக்குக் காயம், சிவப்பு அட்டை, தடை, தேசிய அணி அழைப்பு, அல்லது அவர் ஃபார்ம் இழப்பது.

இந்தப் பட்டியலில் தேசிய அணி அழைப்பைத் தவிர மீதி எல்லாமே சக ஊழியருக்கு நடக்கும் கெட்டது. இந்த வேலையின் விநோதம் இதில்தான் இருக்கிறது. தினமும் காலையில் யாரோடு தனியாக ஒரு மூலையில் பயிற்சி செய்கிறாரோ, அதே ஆள் விழுந்தால்தான் இவருக்கு வேலை. அவர் விழக்கூடாது என்று மனதார நினைத்தபடியே, விழுந்தால் அடுத்த நிமிடம் தயாராகவும் இருக்க வேண்டும்.

வாரம் முழுக்க என்ன செய்வார்?

சும்மா இருப்பதில்லை. சொல்லப்போனால் முதல் கீப்பரைவிட அதிகமான ஷாட்டுகளைப் பயிற்சியில் வாங்குவது இவர்தான். மேட்ச் நெருங்க நெருங்க முதல் கீப்பரின் உடலைப் பாதுகாப்பார்கள். பயிற்சி முடிந்த பிறகும் பத்து ஃப்ரீ-கிக் அடித்துப் பார்க்கலாமா என்று கேட்கிற ஸ்ட்ரைக்கருக்கு எதிரே நிற்பது பெரும்பாலும் இரண்டாவது ஆள்தான். அவர் சோம்பேறியாக நின்றால் ஸ்ட்ரைக்கரின் பயிற்சியும் வீண்.

அதோடு வீட்டுப்பாடமும் உண்டு. எதிரணியில் யார் பெனால்டியை எந்தப் பக்கம் அடிப்பார், கார்னரில் யார் கீப்பரை மறைத்து நிற்பார் என்பதெல்லாம் அவருக்கும் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். இறங்குவோமா என்பது தெரியாமலே ஒவ்வொரு வாரமும் பரீட்சைக்குப் படிப்பதுபோலத்தான்.

ஆனால் பயிற்சியால் கொடுக்க முடியாத ஒன்று இருக்கிறது. கூட்டமாக ஆட்கள் முட்டும்போது பறந்து வரும் கிராஸுக்கு வெளியே வருவதா, கோட்டிலேயே நிற்பதா என்று அரை நொடியில் எடுக்கும் முடிவு மேட்ச் ஆடினால்தான் கூர்மையாகும். டிஃபெண்டர்களோடு உள்ள புரிதலும் அப்படித்தான். எந்தக் குரலுக்கு அவர்கள் விலகுவார்கள், எந்தக் குரலுக்குப் பந்தைத் தொடுவார்கள் என்பதெல்லாம் சேர்ந்து ஆடிப் பழகினால்தான் வரும். ஆறு மாதம் ஆடாத கீப்பரின் கை மறக்காது. தடுமாறுவது இந்தக் கணக்குகள்தான்.

தோஹா, நவம்பர் 5, 2016

இதெல்லாம் ஒரு கிளப்புக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு பெங்களூரு எஃப்.சி.யின் வரலாற்றிலேயே மிகப் பெரிய இரவைப் பார்க்கலாம்.

2013-ல் தொடங்கிய கிளப். முதல் சீசனிலேயே ஐ-லீக் பட்டம். மூன்றே ஆண்டுகளில் ஏ.எஃப்.சி. கோப்பை அரையிறுதி. எதிரே மலேசியாவின் ஜோகூர் தாருல் தாஜிம். அவர்கள்தான் அப்போதைய நடப்பு சாம்பியன். அங்கே 1-1. அக்டோபர் 19 அன்று கண்டீரவாவில் சுனில் சேத்ரி இரண்டு கோல், ஹுவானன் ஒரு கோல், 3-1 வெற்றி. ஏ.எஃப்.சி. கோப்பை இறுதிக்குப் போன முதல் இந்திய கிளப் என்று பெயர் வாங்கிய இரவு அது. அன்று அரங்கத்தில் இருந்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவே ஒரு செய்தியும் இருந்தது. முதல் கீப்பர் அம்ரிந்தர் சிங் மஞ்சள் அட்டைகளால் வந்த தடை காரணமாக இறுதி ஆட்டத்தில் ஆட முடியாது. கோச் ஆல்பர்ட் ரோகா இறக்கியது மிசோரமைச் சேர்ந்த லால்துவாம்மாவியா ரால்டேவை.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். கிளப்பின் வரலாற்றிலேயே பெரிய மேட்ச். அதுவரை கொண்டுவந்து சேர்த்தவர் வெளியே. 17 நாள் அவகாசம். எதிரே ஈராக்கின் விமானப்படை கிளப்பான அல்-குவா அல்-ஜாவியா. அந்தத் தொடரில் 16 கோல் அடித்த ஹம்மாதி அகமது அவர்கள் பக்கம் இருக்கிறார்.

ரால்டே தடுமாறவில்லை. முதல் பாதி கோல் இல்லாமல் முடிந்தது. இரண்டாம் பாதியில் ஹம்மாதி அகமது ஒரு கோல் அடித்தார். 0-1. அதோடு சரி. அதே ஈராக் அணி அடுத்த இரண்டு ஆண்டுகளும் கோப்பையை வென்று ஹாட்ரிக் அடித்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கோலில் தோற்றதை அவமானம் என்று யாரும் சொல்ல முடியாது.

அம்ரிந்தர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அது தவறான கேள்வி. அன்று பெங்களூரு அணியால் ஒரு கோலும் போட முடியவில்லை. அந்தப் பக்கத்துக்கும் கீப்பருக்கும் சம்பந்தமே இல்லை.

17 நாளும் இல்லை, 17 நொடியும் இல்லை

தோஹாவிலாவது தயாராக நேரம் இருந்தது. ஓராண்டு கழித்து அதுவும் இல்லை. நவம்பர் 30, 2017, கோவா ஃபடோர்டா மைதானம். பெங்களூரு ஐ.எஸ்.எல்.லில் நுழைந்த முதல் சீசன். கோல்போஸ்ட்டில் நார்வேயில் இருந்து திரும்பி வந்திருந்த குர்ப்ரீத் சிங் சந்து. முதல் பாதியிலேயே எஃப்.சி. கோவாவின் மனுவேல் லான்சரோத்தேவோடு மோதி சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். கூடவே பெனால்டி.

பெஞ்ச்சில் இருந்து எழுந்து வந்தவர் மறுபடியும் ரால்டேதான். கையுறையை இறுக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் எதிரே பந்து பெனால்டி புள்ளியில் இருக்கிறது. பெனால்டி கோலானது. பத்து பேரோடு ஆடிய பெங்களூரு, 3-3 வரை இழுத்துப் பிடித்து, கடைசியில் 3-4 என்று தோற்றது.

நடுராத்திரி மூன்று மணிக்கு ஆன்-கால் அலெர்ட் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தவர்களுக்கு இந்த உணர்வு கொஞ்சம் புரியலாம். உங்களைச் சுற்றி 20,000 பேர் கத்தமாட்டார்கள், அவ்வளவுதான்.

உலகம் முழுக்க இதே கதைதான்

2014 உலகக் கோப்பை காலிறுதியில், கோஸ்டா ரிக்காவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் நெதர்லாந்து கோச் லூயி வான் ஹால் தன் முதல் கீப்பர் யாஸ்பர் சிலெசனை எடுத்துவிட்டு டிம் குருலை இறக்கினார், பெனால்டி ஷூட்-அவுட்டுக்காக மட்டும். குருல் இரண்டைத் தடுத்தார், நெதர்லாந்து வென்றது. தன்னை மாற்றப்போகிறார்கள் என்பது சிலெசனுக்கு முன்கூட்டியே தெரியாது. நான்கு நாள் கழித்து அர்ஜென்டினாவுக்கு எதிரான அரையிறுதியும் ஷூட்-அவுட் வரை போனது. ஆனால் மாற்று வீரர் கோட்டா தீர்ந்திருந்தது. குருல் பெஞ்ச்சிலேயே இருந்தார், நெதர்லாந்து தோற்றது.

இன்னொரு உதாரணம் மான்செஸ்டர் சிட்டியின் ஸ்காட் கார்சன். 2019-ல் வந்து ஆறு ஆண்டுகள் இருந்தவர் மொத்தம் இரண்டே போட்டி ஆட்டங்களில்தான் களமிறங்கினார். கேலியாகத் தெரியலாம். ஆனால் அதே 2019 நவம்பரில் அட்டலாண்டாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் சிட்டியின் முதல் கீப்பர் எடர்சன் காயத்தால் பாதியில் வெளியேற, பதிலுக்கு வந்த கிளாடியோ பிராவோ சிவப்பு அட்டை வாங்க, கடைசியில் டிஃபெண்டர் கைல் வாக்கர் கையுறை மாட்டிக்கொண்டு கோலில் நின்றார். மூன்றாவது கீப்பருக்கு ஏன் சம்பளம் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு ஆட்டத்தைக் காட்டினால் போதும்.

இருப்பதா, கிளம்புவதா?

இந்தியாவில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக இருக்கிறது. ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014-ல் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு டேவிட் ஜேம்ஸ் கீப்பர், 2015-ல் பட்டம் வென்ற நம்ம சென்னையின் எஃப்.சி.க்கு அபூலா எடெல். இருவரும் வெளிநாட்டவர். பிறகு களத்தில் நிறுத்தக்கூடிய வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கை ஆறு, ஐந்து, நான்கு என்று குறையக் குறைய, அந்த இடங்களை ஸ்ட்ரைக்கருக்கும் டிஃபெண்டருக்கும் ஒதுக்கிவிட்டு கிளப்புகள் கோல்போஸ்ட்டை இந்தியர்களிடம் கொடுத்தன. நல்ல விஷயம்தான். ஆனாலும் கணக்கு சின்னது. 2024-25 சீசனில் 13 கிளப்புகள், ஒவ்வொன்றுக்கும் 24 லீக் ஆட்டங்கள். அப்படியென்றால் நாடு முழுக்க 13 முதல் கீப்பர்கள்தான். மீதிப் பேர் காத்திருக்கிறார்கள்.

பெங்களூருவில் அந்தக் காத்திருப்பு ரொம்பவே நீளம், ஏனென்றால் 2017 முதல் முன்னால் நிற்பவர் குர்ப்ரீத். 2018-19, 2019-20 என இரண்டு சீசன் தொடர்ந்து கோல்டன் குளோவ் வாங்கியவர். அவரே ஒருகாலத்தில் காத்திருந்தவர்தான் என்பது பலருக்கு நினைவில் இருக்காது. 2014-ல் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்புக்குப் போனவர், ஐவரி கோஸ்ட்டைச் சேர்ந்த சயூபா மாண்டேவுக்குப் பின்னால் பெஞ்ச்சில் இருந்தார். அங்கே லீக் ஆட்டத்தில் முதலில் இறங்க 2016 வரை ஆனது. அதே ஆண்டில்தான் யூரோப்பா லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார்.

கிளம்பிப்போய் ஜெயித்தவருக்கு உதாரணம் பிரப்சுகன் சிங் கில். 2017-ல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் அணியில் இருந்தார், ஆனால் மூன்று ஆட்டங்களிலும் நின்றது தீரஜ் சிங். 2019-ல் பெங்களூரு வந்தார், அங்கே குர்ப்ரீத். 2020-ல் கேரளா பிளாஸ்டர்ஸ் போனார், அங்கேயும் மாற்று கீப்பர்தான். 2021 டிசம்பரில் ஒடிசாவுக்கு எதிரான ஆட்டத்தில் அல்பினோ கோம்ஸுக்குக் காயம். கில் இறங்கினார். அதன் பிறகு அந்த இடத்தை விடவே இல்லை. அணியை இறுதிக்குக் கொண்டுபோனார், அந்த சீசனின் கோல்டன் குளோவும் அவருக்கே. 20, 21 வயதுப் பையன்! பிறகு 2023-ல் ஈஸ்ட் பெங்காலுக்கு மாறினார்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது: லோன். லாரா ஷர்மா 2021-22 சீசனில் குர்ப்ரீத்துக்குப் பதிலாகச் சில ஆட்டங்களில் பெங்களூருவுக்கு நின்றவர். பிறகு மறுபடியும் பெஞ்ச். 2023-24-ல் பெங்களூரு அவரைக் கேரளாவுக்கு லோனில் அனுப்பியது. அங்கே சச்சின் சுரேஷ் காயமடைய, கரன்ஜித் சிங் வந்தார். கடைசியில் ஏப்ரல் 2024-ல் ஒடிசாவுக்கு எதிரான ப்ளே-ஆஃபில் நின்றது லாரா. மூன்றாவது ஆளாகப் போனவருக்கு நாக்-அவுட் மேட்ச். கரன்ஜித் யார் என்று நினைவிருக்கிறதா? 2018 மார்ச்சில் இதே கண்டீரவாவில் பெங்களூருவை 3-2 என்று வீழ்த்தி சென்னையின் எஃப்.சி. கோப்பையைத் தூக்கியபோது கோலில் நின்றவர். பெங்களூருவில் வேலை பார்த்தபடி சென்னைக்கு விசில் அடித்தவர்களுக்கு மறக்காது.

எது சரியான முடிவு? இருபத்தோரு வயதில் இருந்தால் கிளம்புவதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ரிசர்வ் அணிகளுக்கான டெவலப்மென்ட் லீக்கும் பெங்களூரு சூப்பர் டிவிஷனும் கொஞ்சம் மேட்ச் கொடுக்கும்தான், ஆனால் அந்த நெருக்கடி வேறு, இந்த நெருக்கடி வேறு. முப்பதைத் தாண்டியவருக்குக் கணக்கு மாறும். ஒரு நல்ல கிளப், நிலையான சம்பளம், இளம் கீப்பர்களுக்கு அண்ணன் மாதிரி ஒரு இடம். அதையும் குறைத்துச் சொல்ல முடியாது.

தோஹாவில் ஆட முடியாமல் போன அம்ரிந்தர், அந்தத் தொடர் முடிந்ததும் மும்பை சிட்டிக்குப் போய் 2016 ஐ.எஸ்.எல். கோல்டன் குளோவை வென்றார். பிறகு ஏ.டி.கே. மோகன் பகான், அங்கிருந்து 2022-ல் ஒடிசா எஃப்.சி. அந்த அணியின் கீப்பர் பட்டியலில் இன்னொரு பழைய பெயரும் இருந்தது: ரால்டே. முதல் கீப்பராக நின்றது அம்ரிந்தர். மேட்ச்சுக்கு முன்னால் கையைச் சூடாக்கும் வேலை மறுபடியும் ரால்டேவுக்கு.