ஆவுளியாவுக்கு ஒரு மேய்ச்சல் நிலம்

தஞ்சாவூர் மாவட்டக் கடலோரத்தில், இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய மனோராவின் அடியில் நின்று பார்த்தால் கடல் குளம்போலக் கிடக்கும். அலை குறைவு, இரைச்சலும் குறைவு. தண்ணீர் தெளிந்திருக்கும் நாளில் உள்ளே அங்கங்கே கரும்பச்சைத் திட்டுகள் தெரியும். பாறை என்று நினைப்போம், பாசி என்று நினைப்போம். அது புல். வேரும் இலையும் பூவும் உள்ள அசல் புல், கடலடியில் வயலாய் விரிந்திருக்கிறது. அந்தப் புல்லை மேய்ந்து வாழும் பிராணியைப் பாடப்புத்தகம் கடற்பசு என்கிறது. பாக் விரிகுடாக் கரையில் அதற்குப் பெயர் ஆவுளியா.

மூன்று மீட்டர் நீளமும் நானூறு கிலோ எடையும் வரை வளரும். குட்டிக்குப் பால் கொடுக்கும். யானைக்குத் தூரத்து உறவு. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ புல் அதற்கு வேண்டும். மீனைப்போல நீருக்குள்ளேயே மூச்சுவிட முடியாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்செடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த மூச்சே அதன் உயிருக்கு உலை வைத்தது.

அன்று, திருக்கைக்கென்று அகலக் கண்ணி வைத்துக் கட்டிய வலையை அந்தியில் விரித்துவிட்டு வருவார்கள். இருட்டில் மேயவந்த ஆவுளியா அதில் மாட்டும். திமிறத் திமிற வலை சுற்றிக்கொள்ளும். மேலே வர வழியில்லாமல் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். விடியலில் வலை வாங்குகிறவர்களுக்கு அது எதிர்பாராத பாடு. கரைக்கு வந்ததும் கத்தியை எடுத்துப் பங்கு போட்டார்கள். கறி மாட்டுக்கறி மாதிரி இருக்கும் என்று விரும்பி வாங்க ஆள் இருந்தது. எண்ணெய் மருந்துக்கு ஆகும் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். தானாக மாட்டியது போக, தேடிப்போய்ப் பிடித்ததும் உண்டு.

இதைக் கொடூரம் என்று ஒரு சொல்லில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கடன் வாங்கி வலை வாங்கிய வீடு, வாடைக்காலத்தில் நாள்கணக்காகக் கடலுக்குப் போக முடியாத வீடு, கைக்கு வந்ததை விடுமா? கடல் கொடுத்தது, வாங்கிக்கொண்டோம் என்பதுதான் அன்றைய கணக்கு.

ஆனால் ஆவுளியாவின் கணக்கு வேறு. ஒரு சினைக்கு ஓராண்டுக்கு மேல். ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி. அடுத்த ஈற்றுக்கு மூன்றிலிருந்து ஏழு ஆண்டு. எழுபது ஆண்டு வாழக்கூடிய பிராணிதான், ஆனால் ஈன்று ஈடுகட்டும் வேகம் அதற்கு இல்லை. இதே குடும்பத்தில் வடபசிபிக் கடலில் ஸ்டெல்லர் கடற்பசு என்று இன்னும் பெரிய ஒன்று இருந்தது. 1741இல் ஐரோப்பியர் கண்ணில் பட்டது, வேட்டையாடி 27 ஆண்டுக்குள் பூண்டோடு அழித்துவிட்டார்கள். நம் கரையில் அப்படி ஆகிவிடவில்லை. ஆனால் 2022இல் அரசு சொன்ன கணக்குப்படி இந்தியக் கடல்கள் எல்லாம் சேர்த்து மீந்திருப்பவை ஏறத்தாழ 240.

சட்டம் முன்பே இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கும் யானைக்கும் உள்ள முதல் அட்டவணைப் பாதுகாப்பு ஆவுளியாவுக்கும் உண்டு. கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. ஆனால் நடுக்கடலில் விடியற்காலை நாலு மணிக்குக் காவல் நிற்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. அங்கே இருப்பது வலையும் வலைக்காரர் மனசும்தான். மாற வேண்டியது அங்கே இருந்தது, மாறியதும் அங்கேதான்.

இன்று அதே கரையில் ஆவுளியா உயிரோடு மாட்டினால் அதே கத்தி வெளியே வருகிறது. இந்தமுறை அறுபடுவது வலை. பல ஆயிரம் ரூபாய் வலையை அதன் சொந்தக்காரரே அறுக்கிறார். இரண்டு பேர் தண்ணீரில் குதித்துத் துடுப்பில் சுற்றிய கண்ணிகளை ஒவ்வொன்றாக விலக்குகிறார்கள். தலை நீருக்கு மேலே நிற்கும்படி ஒருவர் தாங்கிப்பிடிக்கிறார், மூச்சுக்கு. படகில் நிற்கும் இளைஞர் கைபேசியில் படம் எடுக்கிறார், வனத்துறைக்குக் காட்ட. விடுவித்தவர்களுக்கு ரொக்கப் பரிசு உண்டு. இந்திய வனவுயிர் நிறுவனம் கடலோரப் பிள்ளைகளுக்கு ஆவுளியா பெயரிலேயே படிப்புதவித் தொகை தருகிறது. பரிசு அறுந்த வலைக்கு ஈடாகுமா என்று கேட்டால், எல்லா நேரமும் ஆகாது. ஆனாலும் அறுக்கிறார்கள். அந்தக் கைகளை நான் கும்பிடுகிறேன்.

2022 செப்டம்பர் 21 அன்று, அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலைத் தமிழ்நாடு அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே இது முதலாவது. அதற்குள் 12,250 ஹெக்டேர் கடற்புல் இருக்கிறது என்பது அரசு தந்த கணக்கு.

அந்தப் புல்லைப் பற்றித்தான் இனி நம் கவலை எல்லாம் இருக்க வேண்டும். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மேய்க்கால் புறம்போக்கு பறிபோன ஊரில் மாடு எப்படி நிலைக்கும்? கடலிலும் அதேதான். இழுவைமடி அடியைச் சுரண்டிக்கொண்டு போகும்போது புல் வேரோடு வருகிறது. கிளம்பிய சேறு படிந்து வெயில் மறைந்தால் மிச்சமிருப்பதும் அழுகுகிறது. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மடி இழுக்கக் கூடாது என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். அது ஏட்டளவில் நின்றால் காப்பகமும் ஏட்டளவில்தான் நிற்கும். புல் போனால் ஆவுளியா மட்டும் போகாது. இறால் குஞ்சும் நண்டும் ஓரா மீனும் வளரும் தொட்டில் அது. நாட்டுப்படகுக்காரரின் நாளைய சோறும் அங்கேதான் முளைக்கிறது.

இந்தக் கரையிலேயே வெளிவயல் ஊரில் இயங்கும் ஓம்கார் அறக்கட்டளை, போன புல்லை மீண்டும் நட வழி கண்டிருக்கிறது. மூங்கிலைச் சதுரமாகக் கட்டி, குறுக்கே தேங்காய்க் கயிறு ஓட்டி, அதில் புல் நாற்றுகளை முடிந்து, முங்கிப்போய்க் கடலடியில் பதிக்கிறார்கள். கயிறும் மூங்கிலும் மக்குவதற்குள் புல் வேர்பிடித்துவிடும். நடவு என்றால் என்னவென்று தெரிந்த மண்ணில் இப்போது கடலிலும் நடவு நடக்கிறது.

ஆவுளியா மேய்ந்த இடத்தில் புல்வெளியின் நடுவே வளைந்து வளைந்து ஒரு தடம் கிடக்கும், ஏர் ஓட்டிய சால்போல. ஆவுளியாவை நேரில் பார்க்கக் கிடைப்பது அரிது, அதனால் அது இருக்கிறதா என்று தேடுகிறவர்கள் அந்தத் தடத்தைத்தான் தேடுகிறார்கள். இன்று வலையிலிருந்து விடுபட்டுப் போன பெட்டைக் குட்டி ஈனும் பருவத்துக்கு வரப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். ஆவுளியா பெயரில் உதவித்தொகை வாங்கிப் படிக்கும் பிள்ளை அதற்குள் வளர்ந்து ஆளாகி, ஒருவேளை தானே ஒரு படகில் நிற்கும். அந்தக் குட்டிக்கு அதுவரை மேயப் புல் இருக்க வேண்டும்.