பொய்முயலும் ஈரத் தரையும்: நாய் ஓட்டப் போட்டியில் காலநிலை படுத்தும் பாடு

கோடை வந்தால் எங்கள் சனிக்கிழமைகள் எங்கே போகின்றன என்று கேட்கும் உறவினர்களுக்கு நாங்கள் பல வருடமாகச் சொல்லிவரும் பதில், "நாயை ஓட விடப் போகிறோம்" என்பதுதான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். "காசு கட்டியோ?" என்று அடுத்த கேள்வி வரும். ஓம், காசு கட்டித்தான். அதோடு நுழைவுப் படிவம், மிருக வைத்தியரின் பரிசோதனை, நடுவர், புள்ளி எல்லாம் உண்டு. அண்மையில் ஒரு கலியாண வீட்டில் இதைப்பற்றி ஒருவர் உண்மையான அக்கறையோடு விசாரித்தார். மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பந்தியில் இருந்துகொண்டு பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம்.

லூர் கோர்சிங் என்பது பார்வையால் வேட்டையாடும் நாயினங்களுக்கான போட்டி. கிரேஹவுண்ட், விப்பெற், சலுக்கி, போர்சோய், ஆப்கான் ஹவுண்ட் போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் இதே வகைதான். மோப்பத்தை நம்பாமல், ஓடுவதைக் கண்டதும் துரத்துபவை. திறந்த வயலில் கயிறு ஒன்றைத் தரையோடு தரையாக இழுத்து, ஆங்காங்கே கப்பிகளை முளையடித்து, முயல் ஓடுவதுபோல அந்தக் கயிறு வளைந்து வளைந்து போகும்படி அமைப்பார்கள். கயிற்றில் கட்டியிருப்பது வெள்ளைப் பிளாஸ்ரிக் பைத் துண்டுகள். மோட்டர் அதை இழுக்க, நாய்கள் பின்னால் பறக்கும். ஓட்டத்தின் தூரம் பெரும்பாலும் 600 முதல் 1000 யார் வரை. வட அமெரிக்காவில் மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம் என்று மூன்று நிறச் சட்டை போட்டு மூன்று நாய்களை ஒன்றாக விடுவார்கள். ஐரோப்பாவில் சிவப்பு, வெள்ளை என்று இரண்டிரண்டாக ஓடும்.

முதலில் வந்தவருக்கு வெற்றி என்ற கணக்கு இங்கே இல்லை. அமெரிக்கன் சைற்ஹவுண்ட் ஃபீல்ட் அசோசியேஷனின் முறையில் 100 புள்ளி. வேகத்துக்கு 25, லாவகமாகத் திரும்புவதற்கு 25, தாக்குப்பிடிப்பதற்கு 20, கயிற்றை விடாமல் பின்தொடர்வதற்கு 15, உற்சாகத்துக்கு 15. காலையில் ஒரு ஓட்டம், பிறகு இன்னொன்று, இரண்டின் கூட்டுத்தொகை. கணக்குப் படித்தவர்களுக்கு இந்த இடத்திலேயே ஒரு சந்தேகம் எழவேண்டும். காலை எட்டு மணிப் பனிப்புல்லில் எடுத்த 85 புள்ளியும் பதினொரு மணிக்குக் காய்ந்த தரையில் எடுத்த 85 புள்ளியும் ஒன்றா? ஒரே இனத்துக்குள் பதினைந்து நாய் வந்தால் ஐந்து தொகுதியாக ஓடும். முதலாவது தொகுதிக்குத் தரை வழுக்கும். கடைசித் தொகுதிக்கு அதே திருப்பத்தில் புல் பிய்ந்து மண் தெரியும். இதைச் சமன்செய்ய எந்தச் சீராக்கப் பதிவும் கிடையாது. குலுக்கலில் எந்த இடம் விழுந்ததோ அதுதான் விதி.

இந்த விளையாட்டு தொடங்கியதே தரையில் இருந்த ஆபத்தால்தான். 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் லைல் கில்லற் என்பவரும் நண்பர்களும் தங்கள் நாய்களை உண்மையான முயலுக்குப் பின்னால் திறந்த வெளியில் ஓடவிட்டு வந்தார்கள். முயல் எங்கே ஓடும் என்று யாருக்குத் தெரியும்? நாய்கள் முள்ளுக்கம்பி வேலியில் போய் விழுந்து கிழிந்தன. பாதையை மனிதரே தீர்மானித்தால் வேலியில்லாத இடத்தில் ஓடவிடலாம் என்ற யோசனையில் பொய்முயல் வந்தது. மேலே சொன்ன அமைப்பு 1972இல் உருவானது.

காலநிலையின் கதை இதைவிடப் பழையது. இங்கிலாந்தின் லங்காஷயரில், கிரேற் அல்ற்கார் என்ற இடத்தில், 1836 முதல் 2005 வரை வாற்றர்லூ கிண்ணம் என்ற முயல் துரத்தும் போட்டி நடந்தது. மாஸ்ரர் மக்ராத் என்ற நாய் 1868இலும் 1869இலும் வென்று பேர்பெற்றது. 1870இல் அங்கிருந்த அல்ற் ஆறு உறைந்து கிடந்தது. துரத்திப்போன நாய் பனிக்கட்டி உடைந்து ஆற்றில் விழுந்தது. இழுத்தெடுத்திராவிட்டால் செத்திருக்கும். இனி ஓடவே விடமாட்டேன் என்று அதன் சொந்தக்காரர் லோர்ட் லர்கன் சபதம் செய்தார். ஆனால் 1871இல் திரும்பக் கொண்டுவந்தார், அது மூன்றாம் முறையும் வென்றது. விக்ரோறியா மகாராணியே அந்த நாயை அழைத்துப் பார்த்தார். எல்லோரும் அந்த மூன்றாவது வெற்றியைத்தான் பேசுகிறார்கள். எங்களுக்கு 1870தான் நினைவில் நிற்கிறது.

தரையைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். 2005இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அஷர்வுட், வில்சன் என்ற இரண்டு பிரித்தானிய ஆய்வாளர்கள் கிரேஹவுண்ட்கள் வளைவில் ஓடுவதைப்பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். மனிதர் வளைவில் ஓடும்போது, கால் தாங்கும் பாரம் கூடுவதால், தாமாகவே வேகத்தைக் குறைக்கிறோம். கிரேஹவுண்ட் குறைப்பதில்லை. வளைவில் அதன் கால்களில் விழும் பாரம் ஏறத்தாழ 65 சதவீதம் கூடியும் அது அதே வேகத்தில் போகிறது. இதை வாசித்தபோது எங்களுக்குப் பல விஷயம் விளங்கியது. ஈரமான திருப்பத்தில் நாய் தானே பிரேக் பிடிக்கும் என்று காத்திருக்க முடியாது. அது பிடிக்காது. கப்பியை எங்கே முளையடிப்பது என்று தீர்மானிக்கும் ஆள்தான் அதற்குப் பிரேக். பதின்மூன்று கிலோ விப்பெற் ஒன்று மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் வந்து திரும்பும்போது, பிடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் களி இருந்தால் பின்பக்கம் வெளியே எறிபடும். விரல் உடைவதும் தசை கிழிவதும் பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான்.

வழுக்கலைவிட மோசமானது காய்ந்த தரை என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். முதலில் நாங்கள் நம்பவில்லை. மழையில்லாத ஆவணி மாதத்தில் ஒன்ராறியோவின் களிமண் வயல் சீமெந்துபோல இறுகிவிடும். நாய் வழுக்காது. ஆனால் ஒவ்வொரு பாய்ச்சலின் அதிர்வும் மணிக்கட்டுக்கும் விரலுக்கும் நேரே போகும், பாதத்தின் தோல் உரியும். வெளியில் ஒன்றும் தெரியாது, அடுத்த நாள் நொண்டும். பனிக்காலத்தில் தொடக்கம் இன்னொரு விதம்: மேலே உறைந்து, கீழே இளகி. பார்த்தால் உறுதியான தரை, மிதித்தால் உடையும்.

பிறகு பொந்துகள். இங்கே கிரவுண்ட்ஹொக் என்ற பிராணி வயலெல்லாம் கிண்டி வைத்திருக்கும். போட்டிக்கு முன்னர் கழகத்துக்காரர் வரிசையாக நின்று, தரையைப் பார்த்தபடி மெதுவாக நடந்து, பொந்து கண்ட இடத்தில் சின்னக் கொடி நட்டு, மண் போட்டு மிதிப்பார்கள். முதல் தடவை அந்த வரிசையில் எங்களையும் நிற்கச் சொன்னபோது எங்களுக்குக் கால் எழவில்லை. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் படங்களைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்மணி பாம்புக்குப் பயமா என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டோம். இப்போது அந்த வேலையை நாங்கள்தான் கேட்டு வாங்கிச் செய்கிறோம்.

கயிற்றுக்கும் காலநிலை பிடிக்காது. நைலோன் நனைந்தால் நீளும். வளையமாகச் சுற்றிவரும் கயிறாக இருந்தால் மோட்டர்ச் சில்லில் பிடிக்காமல் வழுக்கும். பொய்முயல் திடீரென்று நிற்கும், நாய் அதை எட்டிப் பிடித்துக் கயிற்றில் கால் சிக்கும். காற்று பலமாக வீசினால் தளர்ந்த கயிறு பக்கவாட்டில் நகர்ந்து, நாய்கள் எதிர்பாராத இடத்தில் கிடக்கும். குளிரில் மோட்டரின் பற்றரி சோர்ந்துபோகும். இப்படி ஏதாவது பழுதானால் நடுவர் அந்த ஓட்டத்தைச் செல்லாது என்று அறிவித்து, ஓய்வுக்குப் பிறகு திரும்ப ஓடச் சொல்லலாம். புள்ளிக் கணக்கில் அந்த ஓட்டம் நடக்கவே இல்லை. நாயின் உடம்பில் அது முழுதாகப் பதிந்திருக்கும்.

இனி வெக்கை. இதைத்தான் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

நாயின் சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ். ஒரு நிமிடம் முழுவேகத்தில் ஓடி முடிந்த கிரேஹவுண்டுக்கு அது 41ஐத் தாண்டுவதுண்டு. எங்களைப்போல அதற்கு உடம்பு முழுவதும் வியர்க்காது. நாக்கிலிருந்தும் மூச்சுப்பாதையிலிருந்தும் நீர் ஆவியாவதால்தான் சூடு இறங்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறையும். ஆகவே வெப்பமானியில் 27 பாகை என்பது மட்டும் போதாத தகவல். புழுக்கம் எவ்வளவு, வெயிலா மேகமா, காற்று இருக்கிறதா, முதல் ஓட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் சேரவேண்டும். வானொலியில் சொல்லும் ஹியூமிடெக்ஸ் மனிதருக்கென்று கணித்த எண். அதை நாய்க்கு அப்படியே பிரயோகிக்க முடியாது.

மூன்று வருடத்துக்கு முந்திய யூலை மாதம். எங்கள் மகளின் விப்பெற், பெயர் கறுப்பி, முதல் ஓட்டத்தில் அதன் இனத்தில் முன்னுக்கு நின்றது. மதியத்துக்குப் பிறகு இரண்டாவது ஓட்டம். ஒரு சொட்டுக் காற்றில்லை. "அப்பா, இவள் இன்னும் இளைக்கிறாள்" என்றாள் மகள். நாங்கள் சொன்ன பதிலை மறைக்க விரும்பவில்லை. "காசு கட்டியாச்சு, இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் ஒரு நிமிஷம்தானே பிள்ளை." ஊரில் இருந்த காலத்தில் ரியூஷன் பிள்ளைகளுக்கு அமிழ்ந்த கிரயம் என்றால் என்ன என்று படிப்பித்தவர்கள் நாங்கள். கொடுத்து முடிந்த, எந்த முடிவெடுத்தாலும் திரும்பிவராத செலவு. இனி எடுக்கும் தீர்மானத்தில் அதைச் சேர்க்கக்கூடாது என்பது முதற்பாடம். அன்றைக்கு அதைத்தான் சேர்த்தோம்.

ஓடியது. நன்றாகவே ஓடியது. முடிவில் மகளை நோக்கி வரும்போது பின்கால்கள் பின்னின, பிறகு சரிந்து விழுந்தது. முரசு கருஞ்சிவப்பாக இருந்தது. அங்கிருந்த அனுபவமுள்ள ஒருவர் வாளித் தண்ணீரைத் தலையிலிருந்து வால்வரை ஊற்றி, காரின் காற்றுப்போக்கியை முழுதாகப் போட்டு, அதன்பிறகுதான் வைத்தியரிடம் போக விட்டார். முதலில் குளிராக்கு, பிறகு கொண்டுபோ என்பதுதான் இப்போதைய வைத்திய ஆலோசனையும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஆபத்து என்று முன்பு சொல்லிவந்ததை இப்போது கைவிட்டுவிட்டார்கள். கறுப்பி இரண்டு இரவு சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்தது. பிழைத்தது. மகள் ஒரு வாரம் எங்களோடு தேவைக்கு மட்டும் பேசினாள். அவள் கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அதன்பிறகு எங்கள் கழகத்தின் கணக்கைப் பார்க்கச் சொல்லிக் கேட்டபோது ஒப்புக்கொண்டோம். போட்டியை ஒத்திவைப்பதா நடத்துவதா என்பது பேச்சளவில் தரையைப்பற்றிய விவாதம். உள்ளே இருப்பது காசு. வயல் வாடகை, நடுவரின் பயணச்செலவு, தற்காலிகக் கழிப்பறை எல்லாம் நாய் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டவேண்டியவை. நுழைவுப்பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமா என்பதுதான் மிச்சக் கேள்வி. சில கழகங்களின் அறிவித்தலில், காலநிலை, தீ, கலவரம் போன்ற காரணங்களால் போட்டி நின்றால் பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று அச்சிட்டிருக்கும். கலவரம் என்ற சொல்லை நாய்ப் போட்டிப் படிவத்தில் கண்டு நாங்களும் மனைவியும் சிரித்தோம். அந்த விதி கழகத்தைக் காப்பாற்றும். ஆனால் வந்தவரின் மனதில், எப்படியும் காசு போய்விட்டது, ஓடவாவது விடுவோம் என்ற எண்ணத்தை வளர்க்கும். எங்கள் குழுவில் இரண்டு கூட்டம் வாதாடி, தொடங்குமுன் நிறுத்தினால் முழுவதும், பாதியில் நிறுத்தினால் பாதியும் திருப்புவது என்று தீர்மானித்தோம். அதற்கு ஒவ்வொரு நுழைவிலிருந்தும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைக்கிறோம்.

கடந்த ஐப்பசியில் அதைச் சோதிக்கும் நாள் வந்தது. இரவு மழை, விடிய உறைபனி. மேப்பிள் மரங்களின் நிழல் விழும் மூலையில் குதிக்காலை ஊன்றினால் தண்ணீர் ஊறியது. இரண்டு கப்பிகளைப் பிடுங்கி, திருப்பத்தைப் பன்னிரண்டு மீற்றர் வெயில் பக்கம் தள்ளி, கோணத்தையும் அகலமாக்கினோம். எட்டரைக்குத் தொடங்கவேண்டியது பத்தரையானது. பின்னேரம் மூன்று மணிக்கு மழை திரும்பியது. கிரேஹவுண்ட்களின் இரண்டாவது ஓட்டம் மிச்சம் இருந்தது. நிறுத்தினோம். கியூபெக்கிலிருந்து ஐந்து மணித்தியாலம் ஓட்டிவந்த ஒருவர், தன்னுடைய நாய்க்குப் பட்டம் முடிய ஒரேயொரு வெற்றிதான் மிச்சம் என்று சத்தம் போட்டார். அவருடைய கோபத்தில் பிழை காணமுடியவில்லை. பாதிக் காசுக்கான காசோலையை அன்றிரவே எழுதினோம். அவர் அதை இன்னும் மாற்றவில்லை. வங்கிக் கூற்றுக்கும் எங்கள் கணக்குக்கும் இடையில் அந்தத் தொகை நின்றுகொண்டிருக்கிறது.

பார்க்க வர விரும்புபவர்கள் இறப்பர் சப்பாத்தும் மடிக்கும் கதிரையும் கொண்டு வாருங்கள். பார்ப்பதற்குக் காசு கேட்பதில்லை. வரும் நாய்களைத் தடவுமுன் சொந்தக்காரரைக் கேளுங்கள். கறுப்பி அங்கேதான் இருக்கும். இப்போது ஓடுவதில்லை, போர்வைக்குள் படுத்தபடி மற்றவை ஓடுவதைப் பார்த்துக் குரைக்கும்.