ஒரே பெட்டியில் இரண்டு கணினி!

விண்டோஸுக்குள் விர்ச்சுவல் பாக்ஸ் போட்டு லினக்ஸ் ஓட்டுகிறோம். உள்ளே எழுதின ஃபைலை வெளியே திறப்பது எப்படி?

நம் கொல்லிமலையைப் பாருங்கள். மேலே சோளக்காடு, கீழே காரவள்ளி. நடுவில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த ரோடு இல்லேன்னா பலாப்பழம் கீழே இறங்காது. இங்கே ரோடு என்பது 'ஷேர்டு ஃபோல்டர்'.

முதலில் லினக்ஸில் 'கெஸ்ட் அடிஷன்ஸ்' போடுங்கள். பிறகு செட்டிங்ஸில் விண்டோஸ் ஃபோல்டர் ஒன்றைக் காட்டி, 'ஆட்டோ மவுண்ட்' டிக் செய்யுங்கள். லினக்ஸில் உங்கள் பெயரை 'விபாக்ஸ்எஸ்எஃப்' குழுவில் சேர்த்து ரீஸ்டார்ட் செய்யணும். இல்லேன்னா அனுமதி கிடைக்காது.

நண்பன் ஒருவன் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினான். லினக்ஸுக்குள் சேமித்த ஒரு வார ப்ராஜெக்ட் போச்சு! ஷேர்டு ஃபோல்டரில் வைத்தது மட்டும் தப்பியது. அது விண்டோஸ் டிஸ்கில் அல்லவா இருக்கிறது!

இன்னொன்று: ஒரே ஃபைலை இரண்டு பக்கமும் திறந்து திருத்தாதீர்கள். கடைசியில் சேமித்ததுதான் நிற்கும்.