டெங்குக் கொசுவும் வோல்பாக்கியாவும்

1924ஆம் ஆண்டில் ஹெர்டிக், வோல்பாக் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் கியூலெக்ஸ் கொசுவில் ஒரு பாக்டீரியாவைக் கண்டனர். வோல்பாக்கியா எனப் பின்னர் பெயர் பெற்ற அது உயிரணுவுக்குள் வாழ்வது. முட்டை வழியே தாயிடமிருந்து சந்ததிக்குச் செல்வது. ஆண் கொசு அதற்கு முட்டுச்சந்துதான். ஆயினும் ஆணையும் அது பயன்படுத்திக் கொள்கிறது. பாக்டீரியா உள்ள ஆண், அஃதில்லாத பெண்ணுடன் சேர்ந்தால் முட்டைகள் பொரிப்பதில்லை. பாக்டீரியா உள்ள பெண்ணுக்கோ இருவகை ஆண்களாலும் சந்ததி உண்டு. ஆகவே தலைமுறைதோறும் அதன் பங்கு பெருகுகிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசுவில் இது இயல்பாக இல்லை. பழ ஈயிலிருந்து எடுத்துச் செலுத்தியபோது கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவது குன்றியது. ஆஸ்திரேலியாவில் 2011இல் இத்தகைய கொசுக்கள் வெளியில் விடப்பட்டன. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இவை விடப்பட்ட பகுதிகளில், விடப்படாத பகுதிகளைவிட டெங்கு 77 சதவீதம் குறைவாக இருந்ததென 2021இல் வெளியான ஆய்வு முடிவு காட்டியது. புதுச்சேரி நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் இவ்வகைக் கொசுக்களை உருவாக்கியதாக 2022இல் அறிவித்தது.

பூச்சிமருந்துத் தெளிப்பைப் பிடிக்கவில்லையெனில் நிறுத்திவிடலாம். பரவிவிட்ட பாக்டீரியாவைத் திரும்பப் பெறுவது எளிதன்று. எனவே மக்களின் இசைவு முன்கூட்டியே பெறப்பட வேண்டும். தில்லியில் நடந்த கொசு மரபியல் கட்டுப்பாட்டு ஆய்வு, பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் எழுந்த ஐயங்களுக்கிடையே 1975இல் முடிவுக்கு வந்தது.