மின்சுற்றுப் படமும் பிழையும்

வானொலிப் பெட்டியையும் ஒலிபெருக்கும் கருவியையும் பழுது பார்ப்போருக்கு மின்சுற்றுப் படமே வழிகாட்டி. ஆயினும் அதனை வரைந்தவரும் மனிதரே, அச்சிட்டவரும் மனிதரே. ஒரு புள்ளி மறைந்தால் 4.7 என்பது 47 ஆகிவிடும். இத்தொல்லையை நீக்கவே, புள்ளி நிற்குமிடத்தில் எழுத்தை இட்டு 4கே7 என எழுதும் வழக்கம் உண்டாயிற்று. இரு கோடுகள் கடக்குமிடத்தில் கரும்புள்ளி இருந்தால் அவை இணைந்தவை என்பது பொருள். சிதறிய மைத்துளி ஒன்று, இல்லாத இணைப்பை உண்டாக்கிவிடக்கூடும்!

படம் கூறுவது மெய்யா என்று அறிவது எங்ஙனம்? இ.எல். 84 என்னும் வால்வு பல வானொலிப் பெட்டிகளில் இறுதி நிலையில் நின்று ஒலிபெருக்கியை இயக்கிற்று. அதன் எதிர்மின்வாய்க்கும் பெட்டியின் உலோக அடித்தகட்டுக்கும் இடையே ஒரு மின்தடை உண்டு. படத்தில் அதன் அளவு 1,500 ஓம் என்று இருப்பதாகக் கொள்வோம். 250 வோல்ட்டில் இவ்வால்வின் வழியே ஏறத்தாழ 50 மில்லி ஆம்பியர் பாயும். அப்போது அம்மின்தடையில் 7 வோல்ட்டை ஒட்டிய அழுத்தமே இருத்தல் வேண்டும். ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியைக் கொண்டு பெருக்கிப் பாருங்கள். 1,500 ஓம் எனில் 75 வோல்ட் வருகிறது. அவ்வளவு அழுத்தத்தில் வால்வு அடைபட்டுவிடும். 150 ஓம் எனில் 7½ வோல்ட் வருகிறது. ஒரு சுழி மிகையாக அச்சாகிவிட்டது என்பது புலனாகும்.

கணக்கோடு நில்லாமல் உறுப்பையும் நேரில் காணல் வேண்டும். மின்தடையின் மீது பழுப்பு, பச்சை, பழுப்பு வளையங்கள் இருந்தால் 150 ஓம். மூன்றாவது சிவப்பானால் 1,500 ஓம். இங்கே ஓர் இடர் உண்டு. முன்னரே யாரேனும் படத்தை நம்பி, நல்லதை நீக்கித் தவறானதை வைத்திருக்கலாம். அப்போது படமும் பெட்டியும் ஒரே பொய்யைச் சொல்லும்! பற்றவைத்த ஈயம் ஏனைய இணைப்புகளினின்றும் மாறுபட்டுத் தோன்றினால் ஐயுறுதல் தகும். ஸ்டீரியோ கருவியாயின் வேலை எளிது. அதன் இரு பக்கங்களும் பெரும்பாலும் ஒரே அமைப்புடையன. நன்றாக ஒலிக்கும் பக்கத்தை அளந்து மற்றதனோடு ஒப்பிடலாம்.

மின்பகுளி மின்தேக்கியின் நேர், எதிர்க் குறிகள் படத்தில் இடம் மாறியிருப்பின் விளைவு கொடிது. தலைகீழாகப் பொருத்திய மின்தேக்கி சூடேறி வெடித்தலும் கூடும். ஆதலின் எம்முனை நேர் அழுத்தம் உடையது என முதலில் அளந்தறிவர். வால்வுப் பெட்டியில் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் உயிருக்கு இடர் தரும் அழுத்தம் தங்கியிருக்கும். தேர்ந்தோர் துணையின்றி மாணவர் அதனைத் திறத்தல் ஆகாது.

படத்தோடு மாறுபடுவன யாவும் பிழையென்றும் கொள்ளற்க. படம் அச்சான பின்னர், செய்வோரே சில உறுப்புகளை மாற்றுவதும் உண்டு. ஆதலின் திருத்தத் தொடங்குமுன், பெட்டியின் வரிசை எண்ணுக்கு உரிய படம் வேறு உள்ளதா எனத் தேடிப் பார்ப்பர்.