பெட்டி நம்முடையது, சாவி யாரிடம்?

நமது வீடுகளில் பீரோச் சாவி எங்கே என்று கேட்டால் உடனே விடை கிடைத்துவிடும். வீட்டு அம்மாளின் இடுப்பிலோ, பூஜை அறை மாடத்திலோ, அரிசி டின்னுக்கு அடியிலோ அது பத்திரமாக இருக்கும். யாராவது ஒருவர் வந்து, "சாவி என்னிடமே இருக்கட்டும், அம்மா, வேண்டும்போது நான் வந்து திறந்து தருகிறேன்" என்று சொன்னால் அவரை வாசற்படி தாண்ட விடுவோமா?

அதே வீட்டில், "உங்கள் மின்னஞ்சல் பெட்டியின் சாவி எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். அம்மாள், "அதெல்லாம் பேரனுக்குத்தான் தெரியும்" என்பார். பேரனோ உத்தியோக நிமித்தமாக வெளியூர் போயிருப்பான்.

இதைச் சிறிய விஷயமென்று தள்ளிவிட முடியாது. வங்கியின் மாத அறிக்கை, வருமான வரி இலாகாவின் அறிவிப்பு, இன்ஷூரன்ஸ் ரசீது, ரயில் டிக்கெட், ரத்தப் பரிசோதனை முடிவு ஆகிய பலவும் இன்று அந்தப் பெட்டிக்குத்தான் வருகின்றன. அன்றியும், வேறு ஏதேனும் ஒரு கணக்கின் கடவுச்சொல் மறந்துபோனால், "புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று வரும் கடிதமும் பெரும்பாலும் அங்கேதான் வந்து விழுகிறது. ஆகவே மின்னஞ்சல் என்பது வீட்டுச் சாவிகளுள் ஒன்றன்று. மற்றச் சாவிகளெல்லாம் தொங்கும் கொத்தே அதுதான். கொத்தைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு நாம் நிம்மதியாக உறங்கலாமா?

பெட்டி வந்த கதை

மின்னஞ்சல் நேற்று முளைத்த காளான் அன்று. 1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ரே டாம்லின்ஸன் என்ற பொறியியலறிஞர், அர்ப்பாநெட் என்னும் கணினி வலையின் வழியாக ஒரு யந்திரத்திலிருந்து மற்றொரு யந்திரத்துக்குக் கடிதம் அனுப்பிக் காட்டினார். அவ்விரண்டு யந்திரங்களும் அருகருகேதான் இருந்தன! பெறுகிறவரின் பெயரையும் அவருடைய யந்திரத்தின் பெயரையும் பிரித்துக் காட்ட அவருக்கு ஒரு குறி தேவையாயிற்று. மனிதர் பெயர் எதிலும் வராத குறியாக அது இருக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவர்கள் 'இன்ன விலை வீதம்' என்பதைக் குறிக்க உபயோகித்து வந்த, 'ஏ' என்னும் ஆங்கில எழுத்தைச் சுற்றி வாலை வளைத்தாற்போன்ற குறியை அவர் எடுத்துக்கொண்டார். நம் ஜனங்கள் மின்னஞ்சல் முகவரியைச் சொல்லும்போது நடுவிலே "அட் தி ரேட்" என்று சொல்வது அந்தப் பழைய கடைக் கணக்கின் எதிரொலிதான்.

நெடுங்காலம் வரையில் இந்தக் கடிதங்கள் அவரவர் காரியாலயத்து யந்திரத்தோடு, அல்லது இணைப்புக் கொடுத்த கம்பெனியோடு கட்டுண்டு கிடந்தன. அந்தக் கட்டை அவிழ்த்தவர்களுள் ஒருவர், பெங்களூரில் வளர்ந்த ஸபீர் பாட்டியா. அவரும் ஜாக் ஸ்மித் என்பவரும் சேர்ந்து ஆரம்பித்த 'ஹாட்மெயில்' 1996 ஜூலை 4-ந் தேதி, அதாவது அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்று, வெளிவந்தது. எந்த ஊரில் எந்தக் கணினிக்கு முன் அமர்ந்தாலும், பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துத் தன் கடிதத்தைத் தானே படித்துக்கொள்ளலாம் என்பதே அதன் விசேஷம். நம் தேசத்தில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் சேவை தொடங்கியதும் 1995 ஆகஸ்டு 15-ந் தேதிதான். இப்படிச் சுதந்திர தினங்களாகப் பார்த்துப் பிறந்த சௌகரியத்தைப் பெற்றுக்கொண்டு, அதைத் திறப்பதற்கு மாத்திரம் பிறரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பது பொருத்தமாக இல்லை.

உள்ளே நுழையும் முறை

நுழைவதற்கு மந்திரம் ஒன்றும் வேண்டாம். முகவரி, கடவுச்சொல், இரண்டாம் பூட்டு ஆகிய மூன்றையும் அறிந்தால் போதும். நம் வீடுகளில் அதிகமாக வழங்கும் ஜீமெயிலையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முகவரியில் ஓர் எழுத்துப் பிசகினாலும் அது வேறொருவர் வீடு. ஜீமெயிலில் பெயரின் நடுவே வரும் புள்ளிகளுக்கு மட்டும் மதிப்பில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றே.

கடவுச்சொல் என்பது 1960-களின் தொடக்கத்தில், ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொண்ட மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பழக்கத்துக்கு வந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்த குழுவின் தலைவரான பெர்னாண்டோ கார்பாட்டோவே பிற்காலத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் இரண்டு கோப்புகள் இடம் மாறிப்போனமையால், உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாகக் காட்சியளித்தனவாம்! கடவுச்சொல் பிறந்த வீட்டிலேயே அதன் கதி இதுவென்றால், அதை ஒன்றையே நம்பியிருக்கலாகாது என்பது தெளிவு. இரண்டாம் பூட்டு அதற்காகவே ஏற்பட்டது. புதிதாக ஒரு யந்திரத்திலிருந்து நுழையும்போது, கடவுச்சொல்லுக்கு மேல், நம் கைப்பேசிக்கு வரும் எண்ணையோ அனுமதியையோ அது கேட்கும். இதைக் கணக்கின் 'பாதுகாப்பு' என்னும் பகுதிக்குப் போய் ஒரு முறை ஏற்படுத்திக்கொண்டால் போதும்.

குலதெய்வத்தின் பெயரோடு பிறந்த வருஷத்தைச் சேர்த்துக் கடவுச்சொல்லாக வைப்பது நம்மவர் வழக்கம். உறவினர் அத்தனை பேருக்கும் தெரிந்த செய்தி எப்படி ரகசியமாகும்? ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்துக்கொள்ளுங்கள். 'முறுக்கு, ரயில், வெண்கலம், ஆந்தை' என்றாற்போல் இருக்கலாம். ஆனால் இந்த நான்கையே எடுத்துக்கொண்டுவிட வேண்டாம். பத்திரிகையில் அச்சான பிறகு அது ரகசியமாகாது. நினைவில் நிற்காதென்றால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழிதி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், தவறில்லை. காலண்டரில் எழுதித் தொங்கவிடுவதுதான் தவறு. ஒரு கணக்கின் சொல்லை மற்றொன்றுக்கு வைக்கவும் கூடாது.

பிறர் கடையிலோ காரியாலயத்திலோ பெட்டியைத் திறக்க நேர்ந்தால், வேலை முடிந்ததும் 'வெளியேறு' என்பதை அழுத்திவிட்டே எழுந்திருக்க வேண்டும். மறந்து வந்துவிட்டாலும் பரிகாரம் உண்டு. எந்தெந்தச் சாதனங்களில் நம் பெட்டி திறந்திருக்கிறது என்ற பட்டியல் அதே 'பாதுகாப்பு'ப் பகுதியில் இருக்கிறது. வீட்டிலிருந்தபடியே ஒவ்வொன்றையும் மூடிவிடலாம்.

சகோதரிகளே, முதல் நாள் பேரனோ பேத்தியோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரட்டும். ஆனால் அழுத்தும் விரல் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

யாருடைய எண்?

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான ஒரு சங்கதி. கடவுச்சொல்லை மறந்துவிட்டால் நம்மை மீண்டும் உள்ளே விடுவதற்காக ஒரு கைப்பேசி எண்ணையும் மற்றொரு மின்னஞ்சல் முகவரியையும் கணக்கில் பதிந்து வைப்பதுண்டு. மீட்பு எண், மீட்பு முகவரி என்று இவற்றைச் சொல்லலாம். பல வீடுகளில் இது கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தவருடைய எண்ணாக இருக்கிறது. அவர் கடல் கடந்து போயிருப்பார். இங்கே காலையில் வங்கிக் காரியமாக உட்கார்ந்தால், அங்கே அவர் படுக்கப் போகும் நேரமாக இருக்கும். சில வீடுகளில் அது நாம் எப்போதோ கைவிட்ட பழைய எண். நம் நாட்டில், துண்டிக்கப்பட்ட எண் 90 நாட்கள் கழிந்தபின் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். அப்படியானால் நம் பெட்டியைத் திறக்கும் இரகசிய எண் முன்பின் அறியாத ஒருவர் கைக்குப் போய்ச் சேரும். ஆதலால் எண் மாறிய அன்றே பெட்டியிலும் அதை மாற்றிவிடுவது அவசியம்.

கம்பியில் குத்திய கடிதங்கள்

நம் முன்னோர் வந்த கடிதங்களை வளைந்த கம்பியொன்றில் குத்தித் தொங்கவிடுவார்கள். பத்து வருஷத்துக் கடிதம் வேண்டுமென்றாலும் கம்பியோடு இறக்கித் தேடலாம். ரயில் தபால் ஊழியர்களோ, ஓடும் வண்டியில் நின்றபடியே ஊர்வாரியாக மாடங்களில் கடிதங்களைப் பிரித்துப் போடுவார்கள். 1972-ல் ஆறு இலக்கப் பின்கோடு ஏற்பட்டதும் இந்தப் பிரிக்கும் வேலையைச் சுலபமாக்குவதற்கே. ஆனால் மின்னஞ்சல் பெட்டியில் கம்பியும் இல்லை, மாடமும் இல்லை என்று பலர் இருந்துவிடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையும் கடை விளம்பரமும் வரி அறிவிப்பும் ஒரே குவியலாகக் கிடக்கின்றன.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 2004 ஏப்ரல் 1-ந் தேதி ஜீமெயில் ஆரம்பமானபோது, ஒவ்வொருவருக்கும் ஒரு ஜிகாபைட் இடம் தருவதாக அறிவித்தது. மற்றவர்கள் சில மெகாபைட்டுகளே தந்து வந்த காலம் அது. முட்டாள்கள் தினத்து வேடிக்கை என்றே பலர் நினைத்தார்கள். இடம் தாராளமாகக் கிடைத்ததும் எறியவேண்டியதை எறியும் பழக்கம் போய்விட்டது. இப்போது இலவசமாகக் கிடைப்பது 15 ஜிகாபைட். அதுவும் நம் புகைப்படங்களுக்கும் சேர்த்துத்தான். அது நிரம்பி வழிந்தால் புதிதாக வரும் கடிதம் உள்ளே நுழைய இடமின்றித் திரும்பிப் போய்விடும்.

பழைய குவியலைக் கண்டு மலைக்க வேண்டாம். இன்று வருகிற கடிதத்திலிருந்து தொடங்கினால் போதும். வங்கி, வரி, வைத்தியம், குடும்பம் என்று நான்கு 'லேபிள்'கள் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். மாடத்துக்கும் லேபிளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மாடத்தில் ஒரு கடிதம் ஓரிடத்தில்தான் இருக்கும். ஆஸ்பத்திரி ரசீதுக்கோ 'வைத்தியம்', 'வரி' என்னும் இரண்டு லேபிள்களையும் ஒட்டலாம். பிறகு 'வடிகட்டி' என்ற வசதியில், "இன்ன முகவரியிலிருந்து வருவதெல்லாம் வங்கி" என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அப்புறம் அது தானாகவே பிரித்துக்கொண்டிருக்கும். படித்து முடித்ததை அழிக்க மனம் வராவிட்டால் 'காப்பக'த்துக்கு அனுப்பலாம். கண்ணுக்கு மறைந்திருக்கும், தேடினால் கிடைக்கும். குப்பைத் தொட்டியில் போட்டதோ 30 நாட்களில் அடியோடு போய்விடும்.

வேண்டாத விளம்பரத்தின் வயதும் ஏறக்குறைய மின்னஞ்சலின் வயதுதான். 1978 மே மாதம் 3-ந் தேதி கேரி தூர்க் என்ற விற்பனையாளர் தம் கம்பெனிச் சரக்கைப் பற்றி அர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே மூச்சில் எழுதினார். அவர்களுள் பலர் எரிச்சலடைந்ததைப் பற்றிச் சொல்வானேன்! தெரிந்த கடையின் விளம்பரமானால் 'சந்தா விலக்கு' என்பதை அழுத்துங்கள். முன்பின் தெரியாதவருடையதானால் அதற்குள் இருக்கும் எதையும் அழுத்தாமல் 'ஸ்பேம்' என்று ஒதுக்குங்கள். வாரம் ஒரு முறை அந்த ஸ்பேம் பகுதியையும் எட்டிப் பார்ப்பது நல்லது. நல்ல கடிதமும் சில சமயம் தவறி அங்கே போய்விடும். 30 நாட்களுக்கு மேல் அது அங்கே தங்காது.

ஒழுங்கே காவல்

இவ்வளவு ஒழுங்கும் அழகுக்காக மட்டும் அன்று. "உங்கள் கணக்கு இன்று மாலை முடக்கப்படும், உடனே இங்கே அழுத்துங்கள்" என்று வங்கியின் பெயரால் ஒரு கடிதம் வருவதாக வைத்துக்கொள்வோம். குவியலில் கிடந்தால் அதையும் நிஜமென்றே நம்பிவிடுவோம். ஆனால் வங்கியின் உண்மையான கடிதங்கள் தம் லேபிளின் கீழ் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் வீட்டில், வேறு முகவரியிலிருந்து வந்த இந்தப் போலி வரிசைக்கு வெளியே தனித்து நிற்கும். "இது ஏன் இங்கே கிடக்கிறது?" என்ற கேள்வி எழும். அந்த ஒரு கேள்விதான் சேமிப்பைக் காப்பாற்றுகிறது. பெயரை மட்டும் பார்க்காமல் பக்கத்திலுள்ள முழு முகவரியையும் பாருங்கள். அவசரப்படுத்தும் கடிதத்துக்கு அவசரமில்லாமல் பதில் தேடுங்கள். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் பறிபோய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காமல், தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

நிற்க. கடைசியாக ஒரு வார்த்தை. மங்கலமல்லாத பேச்சென்று ஒதுக்கிவிட வேண்டாம். இரண்டு வருஷம் யாரும் திறவாத கூகிள் கணக்கை அந்தக் கம்பெனி அழித்துவிடலாம். கணக்குக்கு உரியவர் காலமான பின் அவருடைய கடவுச்சொல்லை அது யாருக்கும் தெரிவிப்பதுமில்லை. ஆனால் உயிரோடிருக்கும்போதே, "இத்தனை மாதம் நான் வராவிட்டால் இன்னாருக்குத் தெரிவித்து, இன்னின்னதைக் கொடுங்கள்" என்று எழுதிவைக்க அங்கேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. 'செயலற்ற கணக்கு நிர்வாகி' என்று அதற்குப் பெயர். நிலத்துக்கும் நகைக்கும் உயில் எழுதுகிறோம். மகள் முதல் முதலாக எழுதிய கடிதமும், இன்ஷூரன்ஸ் பத்திரமும், மறைந்தவரின் புகைப்படமும் இன்று அந்தப் பெட்டிக்குள் அல்லவா இருக்கின்றன? அவையும் ஆஸ்திதான். தம் கையால் திறந்து, தம் கையால் அடுக்கி வைத்தவர்களால்தான் அவற்றைத் தம் கையால் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கவும் முடியும்.